வெள்ளிக்கிழமைப் பௌர்ணமி

பெரின் மடத்துக் கதவைத் தட்டியபோது அவன் பின்புறத்தில் பதினொரு சிறு ஈயக் குண்டுகள் புதைந்திருந்தன. சுட்டவன் வேறு யாருமில்லை, அவன் மனைவி அலிசோனின் அண்ணன் கொலா. ஓநாயாக ஓடும்போது பெரினைக் குறி பார்க்கக் கொலாவுக்கு ஏழு வருடமாக முடிந்ததில்லை. ஆகவே பெரின் மனிதனாகக் குனிந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். பெரினுக்கு வலியைவிட இதுதான் எரிச்சலாக இருந்தது.

மூன்று நாள் மலையேற்றம். பனி உருகும் காலம் என்பதால் பாதை முழுக்கச் சேறு. கதவைத் திறந்த துறவி ஒன்றும் கேட்கவில்லை. பேசக்கூடாத மடம் அது. பெரினே ஆரம்பித்தான். அடைக்கலம் கேட்பவன் பொய் சொல்லி நுழைந்தால் பிறகு தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய்விடலாம் என்பது சட்டம். அதனால் உண்மையையே சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

"சாமி, நான் ஓநாய். எனக்கு அடைக்கலம் வேணும்."

துறவி உதட்டில் விரல் வைத்தார். உட்காரச் சொல்லிப் பெஞ்சைக் காட்டினார். அது ஒன்றுதான் பெரினால் முடியாது.

கொஞ்ச நேரத்தில் தடியை ஊன்றிக்கொண்டு மடாதிபதி ஃபெரியோல் வந்தார். முழங்கால் இரண்டும் வீங்கிய பெரிய மனிதர். மடத்தில் யாரும் பேசக்கூடாது என்ற விதியைக் கறாராக நடத்திவந்தவர். நிர்வாகக் காரணங்களுக்காகத் தனக்கு மட்டும் விலக்கு கொடுத்துக்கொண்டிருந்தார். அதை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

"கதவுக்காரர் வந்து ரெண்டு விரலைக் காது மேல வச்சுக் காட்டினாரு. கழுதை விக்கிறவன் வந்திருக்கான்னு நெனச்சேன். நீ ஓநாயாமே?"

"ஆமா சாமி. மாசத்துல ஒரு ராத்திரி. பௌர்ணமிக்கு."

"மத்த நாள்ல?"

"காட்டுல கரி சுடுறேன்."

"இதுவரைக்கும் என்னென்ன தின்னிருக்கே? எதையும் விடாம சொல்லு."

"மூணு ஆடு. ஒரு வாத்து. எங்க ஊர்ச் சாமியாரோட நாய்."

"மனுஷங்க?"

பெரின் தலையைச் சொறிந்தான். "தசமபாக வரி பிரிக்க வருவாரே, அவரோட கெண்டைக்கால். முழுங்கல சாமி, சத்தியமா. வாயில வச்சதும் துப்பிட்டேன்."

மடாதிபதி தடியின் மேல் மோவாயை வைத்து யோசித்தார். "அந்தாளை மனுஷக் கணக்குல சேக்கணுமான்னு எங்க நூலகத்துல பார்க்கச் சொல்றேன். ஆடு யாரோடது?"

"மச்சானோடது."

"அப்ப அவன் சுட்டதுலயும் ஒரு நியாயம் இருக்கு. உன் சம்சாரம் என்ன சொல்றா?"

"'மாசத்துல ஒரு நாள்தானே, எங்கண்ணன் குடிச்சிட்டு முப்பது நாளும் கடிக்கிறான், அவனை யாரு சுடுறா'ன்னு கேட்டா சாமி."

மடாதிபதி சிரித்த சிரிப்பில் உள்ளே தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு துறவிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். "உள்ள வாடா. இங்க இருக்கிற முப்பது பேரும் எதையாவது விட்டு ஓடி வந்தவங்கதான். நீ ஒருத்தன்தான் காரணத்தை வாசல்லயே சொல்லியிருக்கே."

ஓநாய் ஒன்று உலகத்தில் தேடிப்பிடித்துப் போகக்கூடாத இடம் எதுவென்றால் அது அந்த மடம்தான். அங்கே யாரும் ஆயுசில் இறைச்சி தொட்டதில்லை. அதுவும் அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். பால், வெண்ணெய், முட்டைகூட இல்லை. காலையில் டர்னிப் கிழங்கு வேகவைத்த தண்ணீர், மத்தியானம் அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்த டர்னிப், ஞாயிற்றுக்கிழமை மொச்சை. ஈயத்தைப் பிடுங்கி எடுத்த வைத்தியத் துறவிகூட ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு குண்டாகக் கிண்ணத்தில் போட்டு, விரலால் எண்ணிக்கை காட்டினார். பெரினுக்கு ஒரு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். அதன் தலைமூடிக்குள் முகம் நுழைத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் அவனை உற்றுப் பார்க்கவில்லை. அன்று இரவு வைக்கோல் படுக்கையில் குப்புறப் படுத்து, அலிசோனை நினைத்து அழுதான். அவளிடம் உயிரோடு திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் எல்லாரும் கூடும் மண்டபத்தில் அன்றைய தேதியையும், அன்று நிலாவுக்கு எத்தனை நாள் வயது என்பதையும் ஒருவர் புத்தகத்திலிருந்து உரக்கப் படிப்பார். வயது பதினாலு ஆனால் பௌர்ணமி. அந்த வேலை தியெபோ என்பவருடையது. ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு, பாடும்போது அந்த மூக்கு வழியாகத்தான் பாட்டு வரும். முப்பத்தோரு வருடமாக நிலாவின் வயதைப் படித்து வருபவர். ஒரு நாள்கூடத் தப்பாகப் படித்ததில்லை, ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இந்த இரண்டையும் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், அவ்வளவு கடுப்பான முகம்.

மண்டபத்தில் மட்டும் பேசலாம். பெரினின் விஷயம் அங்கே வந்தது. பௌர்ணமியன்று அவனை மடத்துச் சிறை அறையில் பூட்டி வைப்பது என்று முடிவாயிற்று. திராட்சை ரசம் திருடிய ஒரு துறவிக்குப் பிறகு அந்த அறையில் யாரும் இருந்ததில்லை.

"பௌர்ணமி என்னைக்கு?" என்றார் மடாதிபதி.

தியெபோ விரலை வைத்துப் பார்த்தார். "வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி."

பெரின் கையைத் தூக்கினான். "இல்லீங்க சாமி. அதுக்கு முந்தின திங்கக்கிழமை."

மண்டபம் அவனைத் திரும்பிப் பார்த்தது.

"உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றார் தியெபோ.

"தெரியாது. பௌர்ணமி நெருங்கினா கடைவாய்ப் பல்லு அரிக்கும். அது பொய் சொன்னதில்ல."

"இது திருச்சபையோட புத்தகம். ஆயிரம் வருஷமா இந்தக் கணக்கை வச்சுத்தான் ஈஸ்டர் குறிக்கிறோம்."

"இருக்கலாம் சாமி. ஆனா நிலாவுக்குப் படிக்கத் தெரியாதே."

"அது நிலாவோட குறை" என்றார் தியெபோ.

யாரோ ஒரு துறவி, சன்னல் வழியாகவும் ஒருமுறை பார்க்கலாமே என்று மெல்ல இழுத்தார். தியெபோ எழுந்தே நின்றுவிட்டார். "திங்கக்கிழமை பௌர்ணமின்னா புத்தகம் தப்பு. புத்தகம் தப்புன்னா ஈஸ்டர் தப்பு. ஈஸ்டர் தப்புன்னா தவக்காலம் தப்பு. அப்ப நாம இத்தனை வருஷமும் தப்பான நாள்ல டர்னிப் தின்னுக்கிட்டிருக்கோம். சம்மதமா?"

யாருக்கும் சம்மதமில்லை. அந்த டர்னிப் வீணாய்ப் போயிற்று என்று நினைக்க ஒருவருக்கும் தெம்பு இல்லை. வெள்ளிக்கிழமை என்றே முடிவாயிற்று.

மறுநாள் கொலா வந்து சேர்ந்தான். கூடவே நாலு நாய்கள், ஆறு ஆட்கள், மாவட்டக் கோர்ட்டிலிருந்து சிமோனே என்ற அமீனா. அமீனா சட்டையில் மைக்கறை, கையில் தோல் பை, மலையேறி வந்த மூச்சிரைப்பு. வாசலுக்கு வெளியே நின்று கொலா கத்தினான்.

"மச்சான்! வெளிய வாடா! உள்ள போயி சாமியார் வேஷம் போட்டா விட்டுருவேனா? என் ஆட்டைத் தின்ன வாயில ஜெபம் வேற!"

பெரினுக்குப் பொறுக்கவில்லை. மதில் மேலிருந்து குரல் கொடுத்தான். "உன் ஆட்டுல என்னடா இருந்துச்சு? எலும்பும் ரோமமும். தின்ன எனக்குத்தான் நீ நஷ்டஈடு தரணும்!"

மடாதிபதி அவன் அங்கியைப் பிடித்துக் கீழே இழுத்தார். பிறகு அமீனாவிடம், அடைக்கலம் புகுந்தவனைத் தொடக்கூடாது என்று நாலு வரியில் சொன்னார். அமீனா தலையாட்டினார்.

"மனுஷனுக்குத்தான் சாமி அடைக்கலம். மிருகத்துக்குச் சட்டத்துல இடமில்ல. அதனால ஒண்ணு செய்வோம். பௌர்ணமி ராத்திரி சாட்சிகளோட அவனை முற்றத்துல உக்கார வைப்போம். மாறலைன்னா, மனுஷன்தான்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன், அப்புறம் யாரும் அவனைத் தொட முடியாது. மாறினா கட்டை அடுக்கி எரிக்கணும். அதுவரைக்கும் நாங்க இங்கதான் கூடாரம் போடுறோம். பௌர்ணமி என்னைக்கு?"

தியெபோ புத்தகத்தோடு வந்து வெள்ளிக்கிழமை என்றார். அமீனா அதை எழுதி, மை உலர மணல் தூவி, முத்திரை வைத்தார்.

பெரினுக்குச் சட்டென்று உறைத்தது. வெள்ளிக்கிழமை அவன் உலகத்திலேயே மிகச் சாதுவான மனிதனாக இருப்பான். திங்கட்கிழமையைத் தாண்டினால் போதும். மடாதிபதியின் காதருகே ஓடினான்.

"சாமி, திங்கக்கிழமை மட்டும் என்னைப் பூட்டிருங்க."

மடாதிபதி குரலைத் தாழ்த்தினார். "அந்த அமீனா தினம் வந்து எட்டிப் பார்ப்பான்டா. பூட்டின அறையைப் பார்த்தா, ஏன் பூட்டினீங்கன்னு கேப்பான். தியெபோவைக் கேட்டா அவரு உள்ளதைச் சொல்லிருவாரு. அந்த மனுஷனுக்குப் பொய் வராது, அது ஒரு வியாதி. நீ பேசாம கூட்டத்தோட கூட்டமா நில்லு. எனக்கென்னவோ புத்தகம் சொல்றதுதான் சரின்னு படுது."

திங்கட்கிழமை காலை தியெபோ படித்தார்: நிலாவுக்கு வயது பத்து. பெரினின் கடைவாய்ப் பல் அரித்த அரிப்பில் அவனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

சாயங்கால ஜெபத்துக்கு எல்லாரும் கோவிலில் வரிசையாக நின்றார்கள். முப்பது வெள்ளை அங்கிகள், முப்பது தலைமூடிகள், அவற்றோடு பெரின். அவன் இடப்பக்கம் தியெபோ. சூரியன் மேற்கே இறங்கியதும், கிழக்குச் சன்னலில் மஞ்சளாக, கொஞ்சமும் குறையில்லாத வட்டமாக, பத்து நாள் வயதான அந்த நிலா எழும்பியது.

பெரின் ஓநாயானான். அங்கிக்குள்ளேயே ஆனான் என்பதுதான் ஒரே சௌகரியம். முன்னங்கால்கள் இரண்டும் எதிரே இருந்த மரச் சட்டத்தில் ஊன்றியிருந்தன. மூக்கு தலைமூடிக்கு வெளியே ஒரு சாண் நீண்டிருந்தது. துறவிகள் பார்த்தார்கள். ஆனால் அந்த மடத்தில் ஜெபத்தை ஆரம்பித்தால் கூரை இடிந்து விழுந்தாலும் நிறுத்தக்கூடாது. முன்பு ஒருமுறை கூரை இடிந்து விழுந்தும் நிறுத்தவில்லையாம். எனவே பாடினார்கள். முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகப் பாடினார்கள்.

இரண்டு வாரமாக டர்னிப் தின்ற ஓநாயின் பசி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில், ஒரு முழத்துக்குள், தியெபோவின் கழுத்து. அதில் பாட்டுக்கு ஏற்ற மாதிரி ஒரு நரம்பு ஏறி இறங்கியது. போதாததற்கு அந்த மூக்குப் பாட்டு வேறு காதுக்குள் குத்தியது. அந்தக் கழுத்தைக் கடிப்பதற்கு அன்று பெரினுக்கு இரண்டு நியாயமான காரணங்கள் இருந்தன. வாயைத் திறந்தான். உள்ளே எங்கேயோ ஒடுங்கிக் கிடந்த கரிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். ஓநாய் குனிந்து மரச் சட்டத்தைக் கவ்விக்கொண்டது. கவ்வியபடியே நடுங்கியது. எச்சில் தியெபோவின் செருப்பில் சொட்டியது. கடைசியில் தாங்க முடியாமல் சட்டத்தை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி ஊளையிட்டது.

வெளியே நாய்கள் வெறிபிடித்துக் குரைத்தன. கொலாவும் அமீனாவும் கோவில் முகப்புக்கு ஓடி வந்தார்கள். வெளியாட்கள் கம்பித் தடுப்பைத் தாண்டக்கூடாது. அதற்கு அப்பால் அவர்களுக்குத் தெரிந்தது குனிந்திருந்த வெள்ளை முதுகுகள் மட்டும்தான். மடாதிபதி தடியை ஊன்றித் தடுப்பண்டை வந்தார்.

"என்ன சத்தம் சாமி அது?" என்றார் அமீனா.

"சங்கீதம். தவக்காலத்துல எண்ணெய் கிடையாது, தொண்டை வறண்டு போகுது. கடைசி வரி கொஞ்சம் அப்படித்தான் இழுக்கும்."

"ஐயா, அந்த வரிசையில ஒருத்தன் காலைப் பாருங்க! முழுக்க ரோமம்!" என்று கொலா குதித்தான்.

"துறவிங்க காலை உத்துப் பார்க்கவாப்பா இவ்வளவு தூரம் மலையேறி வந்தே?" என்றார் மடாதிபதி.

கொலா அமீனாவின் தோளைப் பிடித்து வெளியே இழுத்துப்போய் வானத்தைக் காட்டினான். "கண்ணைத் திறந்து பாருங்கய்யா! பௌர்ணமி இன்னைக்கு! தட்டு மாதிரி நிக்குது!"

அமீனா நிலாவைப் பார்த்தார். பையைத் திறந்து, முத்திரை வைத்த தாளைப் பார்த்தார். மறுபடி நிலாவைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைன்னு எழுதியிருக்கு."

"எழுதினா? மேல பாருங்க!"

"கொலா, திருச்சபைக்கு நிலாக் கணக்கு தெரியாதுன்னு சொல்றியா? தெளிவா சொல்லு, எழுதிக்கிறேன். அதுக்கும் கட்டை அடுக்கத்தான் செய்வாங்க."

கொலா வாயை மூடிக்கொண்டான். அந்தக் காலத்தில் அதைத் திறந்து வைத்திருந்த பலருக்கு நல்ல முடிவு வந்ததில்லை.

பெரினுக்கு விடியற்காலையில் நினைவு வந்தபோது அதே வரிசையில், அங்கியைப் போர்த்திக் கிடந்தான். பக்கத்தில் தியெபோ மட்டும் நின்றிருந்தார். இரவு முழுவதும் நின்றிருக்க வேண்டும், முகம் அப்படி வெளுத்திருந்தது. மரச் சட்டத்திலிருந்த பல் தடங்களை அவர் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரின் விழித்ததைக் கண்டதும் திரும்பி நடந்துவிட்டார். முப்பது பேர் கண்ணால் கண்ட விஷயம். எங்கள் ஊராக இருந்தால் சந்தை முழுக்கப் பரவி, ஓநாய்க்கு இரண்டு தலை முளைத்திருக்கும். அங்கே ஒரு விரல்கூட அசையவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு முற்றத்தில் தீ மூட்டி, நடுவில் பெரினை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் சாட்சிகள், சங்கிலி, கொலாவின் நாய்கள். மதிலோரமாகக் கட்டைகளும் அடுக்கியாயிற்று. பெரின் தூங்கிப்போனான். இரண்டு முறை குறட்டை விட்டதை அமீனா ஊளையில் சேராது என்று குறித்துக்கொண்டார்.

விடிந்தது. பெரின் மனிதனாகவே இருந்தான். மேற்கே வானத்தில் நிலா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்து போயிருந்தது. கொலா பாய்ந்து வந்தான்.

"இதுவா பௌர்ணமி? எலி கடிச்ச பாலாடைக்கட்டி மாதிரி இருக்கு! ஐயா, என் ஆட்டைத் தின்னது போகட்டும், என் கண்ணையுமா பொய்யாக்குவீங்க?"

இந்தத் தடவை அமீனாவும் தயங்கினார். நாலு நாளாக அவருக்கும் அந்தத் திங்கட்கிழமை வட்டம் உறுத்திக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினார். தியெபோவைக் கூப்பிட்டார்.

"சாமி, நீங்க பொய் சொல்லாதவருன்னு ஊரே சொல்லுது. புத்தகத்து மேல கை வைங்க. நேத்து ராத்திரி பௌர்ணமியா?"

"வெள்ளிக்கிழமை நிலாவுக்கு வயது பதினாலுன்னு புத்தகத்துல இருக்கு" என்றார் தியெபோ.

"புத்தகத்தைக் கேக்கல. உங்களைக் கேக்கிறேன். அதோ இருக்கு, நல்லா பார்த்துச் சொல்லுங்க. நேத்து அது முழு நிலாவா?"

மடாதிபதி கண்ணை மூடிக்கொண்டார். பெரினுக்குக் கட்டை அடுக்கியிருந்த பக்கம் போகக்கூடாதென்று நினைத்தும் கண் அங்கேயே போயிற்று. அலிசோன் இந்நேரம் அடுப்பு மூட்டியிருப்பாள். இந்த மூக்கு மனிதர் உள்ளதைச் சொல்லிவிட்டால் அவளுக்குச் சாம்பல்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

தியெபோ தலையைத் தூக்கி நிலாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"முழு நிலா" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா. இவ்வளவு முழுசா நான் பார்த்ததே இல்ல."

அமீனா கையெழுத்துப் போட்டார். கொலா தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு, நாய்களை இழுத்துக்கொண்டு மலையிறங்கினான். போகும்போது நாய்களைத்தான் திட்டிக்கொண்டு போனான், வேறு யாரைத் திட்டினாலும் எழுதிக்கொள்ள ஆள் இருந்தது.

அன்று காலை மண்டபத்தில் தியெபோ எழுந்து, பொய்ச் சத்தியம் செய்ததாகத் தன் குற்றத்தைத் தானே சொன்னார். மடாதிபதி நாற்பது நாள் தரையில் உட்கார்ந்து வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்று தண்டனை விதித்தார். டர்னிப் இல்லையா என்று பொறாமையோடு இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள்.

மத்தியானம் ஊருக்குக் கிளம்பும் முன் பெரின் தியெபோவைத் தேடிப் போனான். சாப்பாட்டு அறையின் கல்தரையில் காய்ந்த ரொட்டியோடு உட்கார்ந்திருந்தார். பெரினின் சட்டைக்குள் அமீனாவின் தாள் சரசரத்தது. அவன் மனிதன்தான் என்று அதில் எழுதியிருந்தது. அதை அவனால் படிக்க முடியாது.

"எனக்காக ஏன் சாமி அப்படிச் சொன்னீங்க?"

அது பேசக்கூடாத நேரம். தியெபோ சுற்றும் முற்றும் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷமா இவங்க நடுவுல நின்னு பாடுறேன். தாளம் தப்புறவன், இருமுறவன், நான் பாடும்போது பெருமூச்சு விடுறவன். ஒவ்வொருத்தனையும் கடிச்சுக் குதறணும்னு தோணாத நாள் எனக்கு ஒண்ணுகூட கிடையாது" என்றார். "திங்கக்கிழமை நீ அவ்வளவு பல்லை வச்சுக்கிட்டு மரத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னே. உன்னை மிருகம்னு என்னால எப்படிச் சொல்ல முடியும்?"

பெரின் தரையில் அவர் பக்கத்தில் உட்காரப் பார்த்தான். பின்புறம் இன்னும் சரியாக ஆறவில்லை. அதனால் முழங்காலில் நின்றுகொண்டான். தியெபோ ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவனிடம் நீட்டினார்.